நாலு விரற்கடை

டேப்பை நம்பி மோசம் போனவள் சின்னவள். ஒரு தடவையா, இரண்டு தடவையா? அறுபத்தேழு என்று இருந்ததை எழுபத்தாறு என்று படித்து அவள் செய்த புத்தக அலமாரி இன்றைக்கும் நடையில் துருத்திக்கொண்டு நின்று, போகிற வருகிறவர்களின் தோளை இடித்துக்கொண்டிருக்கிறது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். ஐம்பத்திரண்டு பிள்ளைகளை ஏற்றி இறக்கி, ஒரு தலையும் குறையாமல் வீடு சேர்ப்பாள். அதே கண்ணுக்கு டேப்பில் உள்ள எண்கள் மட்டும் தலைகீழாகத் தெரியும். என்ன சாபமோ.

அதனால் எண்களையே தலைமுழுகிவிட்டாள். இப்போது அவள் வழி குச்சி வழி. எதைச் செய்வதானாலும் ஒரு நீளக் குச்சியை அளக்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, கத்தி முனையால் ஒரு கோடு கீறுவாள். குச்சியை மரத்தின் மேல் வைத்து அந்தக் கோட்டில் அறுப்பாள். எத்தனை, ஏது என்ற பேச்சே கிடையாது. குச்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பாள்.

வீட்டுக்கு அடியில், பதின்மூன்று படி இறங்கினால் அவளுடைய ராஜ்ஜியம். ஒரு பக்கம் வெந்நீர்க் கொதிகலன், இன்னொரு பக்கம் யாரும் ஓட்டாத சைக்கிள், நடுவில் பழைய கதவொன்றைக் கிடத்தி அவளே செய்த வேலை மேஜை. சுவரில் இழைப்புளி, உளிகள், மூன்று ரம்பங்கள், மூலைமட்டம் எல்லாம் ஆணியில் தொங்கும். மூலையில் துண்டு மரங்கள் மலையாகக் கிடக்கும். ஒன்றையும் தூக்கிப் போட மனசு வராது. ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ‘தொடாதே’ என்று எழுதியிருப்பாள். அது அவள் கணவனுக்கு. மருந்துக்கடை வைத்திருக்கிற அந்த மனுஷன் தங்கமானவர்தான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் ஏதாவது ஆடினால் போதும், கீழே ஓடி, கைக்குக் கிடைத்த மரத்தை அறுத்து முட்டுக் கொடுத்துவிடுவார். அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த தேக்குத் துண்டு ஒன்று போன வருஷம் ஃபிரிட்ஜின் காலுக்கடியில் கிடந்தது. அன்றைக்கு நடந்த கச்சேரியைச் சொல்லி மாளாது.

பெரியவள் இவளுடைய அக்கா. முப்பது வருஷத் தையல்காரி. ஆளைப் பார்த்தாலே தோள் அகலம் சொல்லிவிடுவாள். நாலு மாதத்துக்கு முன்னால் படியில் சறுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விட்டன. இப்போது தங்கை வீட்டு முன்னறையில், சக்கர நாற்காலியில் வாசம். தையல் மெஷினும் கூடவே வந்தது. ஆனால் அவளுடைய பழைய மேஜையில் முட்டிக்கு நேராக இழுப்பறையும் குறுக்குக் கட்டையும் இருந்ததால் நாற்காலி உள்ளே நுழையாது. நுழைந்தாலும், கரண்டில் ஓடும் மெஷினின் சின்ன மிதி காலால் அழுத்துவதற்கானது. எத்தனையோ வருஷமாகக் கழுத்தைவிட்டு இறங்காத அளவு டேப், இப்போது அறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. அந்தப் பக்கம் அவள் திரும்பியே பார்க்க மாட்டாள்.

ஒரு சனிக்கிழமை சாப்பாட்டின்போது பெரியவள் சாதாரணமாகச் சொன்னாள்.

“அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு ஒருத்தர் வர்றாரு. மெஷினை எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்.”

“ஏங்க்கா? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே.”

“கண்ணெதிர்ல கிடந்தா வயித்தெரிச்சல்தான்டி. ஓட்ட முடியாத மெஷினுக்கு நான் தினம் தூசி தட்டிக்கிட்டு இருக்கணுமா?”

சின்னவளுக்கு அதன் பிறகு ஒரு வாய் இறங்கவில்லை. அக்காவை அவளுக்குத் தெரியும். மெஷின் வாசல் தாண்டினால், பின்னாலேயே அக்காவின் பேச்சும் சிரிப்பும் போய்விடும். ஒரு வாரம் இருந்தது. கையைக் கழுவும்போதே முடிவு செய்துவிட்டாள். நாற்காலி முட்டாமல் உள்ளே போகிற மேஜை, முழங்கையால் அழுத்துகிற மிதி. செய்தே தீர வேண்டும். யாரிடமும் மூச்சு விடக்கூடாது. அக்காவிடம் சொன்னால், “எனக்காக நீ ஒண்ணும் மெனக்கெட வேண்டாம்” என்று முதல் நாளே முட்டுக்கட்டை போடுவாள். கணவனிடம் சொல்வதும் ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதும் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள். சின்னவள் கையில் குச்சியோடு பூனை மாதிரி தரையில் ஊர்ந்து போனாள். குச்சியின் அடியைத் தரையில் ஊன்றி, அக்காவின் முட்டி உயரம் பார்த்து, அதற்கு மேல் இரண்டு விரற்கடை தாராளம் விட்டு, கத்தியால் ஒரு கோடு கீறினாள். அதற்குள் அக்கா ஒரு கண்ணைத் திறந்துவிட்டாள்.

“என்னடி தேடறே?”

“தோடு திருகு விழுந்துடுச்சுக்கா.”

“நீதான் தோடே போடறதில்லையே.”

“அதான் தேடிக்கிட்டிருக்கேன்” என்று உளறிவிட்டு ஓடிவந்துவிட்டாள். நிலவறைப் படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குச்சியைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். அதில் மட்டும் ‘தொடாதே’ என்று எழுதவில்லை. எழுதினால்தானே கண்ணில் படும் என்று நினைத்தாள். கெட்டிக்காரி.

அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாலையில் பேருந்தை நிறுத்திவிட்டு வந்தால் நேரே பதின்மூன்று படி. செவ்வாய்க்கிழமை, யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய கட்டிலைப் பிரித்துக் கால்களை அறுத்தாள். குச்சியை முதல் காலின்மேல் வைத்தாள், கோடு போட்டாள், அறுத்தாள். முதல் காலை வைத்து மற்ற மூன்றையும் அறுத்தாள். நான்கையும் வேலை மேஜைமேல் நிறுத்தி ஒரு பலகையைக் கிடத்திப் பார்த்தால் ஒரு மயிரிழை ஆட்டமில்லை. தனக்குத்தானே கை தட்டிக்கொண்டாள். இழைப்புளி தள்ளத் தள்ள மரச் சீவல் சுருண்டு சுருண்டு காலடியில் விழுந்தது. அந்த வாசனைக்கு ஈடு உண்டா? அவளைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள்.

மேலேயிருந்து அக்காவின் குரல் இறங்கி வரும்.

“கீழே என்னடி பூகம்பம்?”

“செருப்பு ஸ்டாண்டுக்கா.”

“ஊர்ச் செருப்பு எல்லாத்துக்கும் சேர்த்துச் செய்யறியா?”

புதன்கிழமை மேல்பலகை. முன்பக்கத்தில் குறுக்குச் சட்டமே வைக்கவில்லை, முட்டி இடிக்கக்கூடாதல்லவா. வியாழக்கிழமை முழங்கைப் பலகை: மேஜையின் வலது ஓரத்தில் ஒரு சின்னத் தட்டு, அதன்மேல் மெஷினின் மிதி, மிதிக்கு மேல் கீல் வைத்த ஒரு வழவழப்பான பலகை. முழங்கையைச் சாய்த்தால் பலகை இறங்கும், மிதி அழுந்தும். வெள்ளிக்கிழமை அதை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், உறுத்தவில்லை. எல்லாவற்றையும் போல்ட் போட்டு முடுக்கினாள், திரும்பக் கழற்றினாள். குறுகிய படியில் முழு மேஜை ஏறாது. அலமாரி விஷயத்தில் பட்ட பாடு போதாதா?

சனிக்கிழமை ஒரு மணிக்குக் கணவன் அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு பிசியோதெரபிக்குப் போனார். கார் தெருமுனை திரும்பியதும் சின்னவள் ஆரம்பித்தாள். கால், கால், சட்டம், பலகை. பதின்மூன்று படி ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மூச்சு இரைக்க இரைக்க எல்லாவற்றையும் முன்னறையில் சேர்த்து முடுக்கினாள். பழைய மேஜையை ஓரம் தள்ளி, மெஷினைத் தூக்கிப் புதியதில் வைத்தாள், மிதியைப் பொருத்தினாள். அப்போது மணி மூன்றடிக்கப் பத்து நிமிடம். வாசலில் கார் சத்தம் கேட்டது.

பெரியவள் அறைக்குள் வந்ததும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டாள். மேஜையைப் பார்த்தாள். முழங்கைப் பலகையைப் பார்த்தாள். அது எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

“செருப்பு ஸ்டாண்டா இது?” என்றாள்.

“உக்காந்து பாருக்கா. இல்ல, நீ உக்காந்துதானே இருக்கே. உள்ளே போய்ப் பாரு.”

பெரியவள் சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளினாள். முகத்தில் நாலு மாதமாகக் காணாத ஒரு வெளிச்சம். நாற்காலி நகர்ந்தது, நகர்ந்தது, ‘டொக்’ என்று நின்றது. இரண்டு முட்டியும் மேல்பலகையின் ஓரத்தில் இடித்தன. பின்னால் வந்து இன்னொரு முறை தள்ளினாள். மறுபடியும் ‘டொக்.’

அந்த வெளிச்சம் அணைந்ததைச் சின்னவள் நேருக்கு நேர் பார்த்தாள்.

“பரவால்ல விடு” என்றாள் பெரியவள். “அழகாத்தான் இருக்கு. நாலு மணிக்கு அவர் வந்துடுவாரு, மெஷினை இறக்கி வச்சுடு.”

இது எப்படி? கை நழுவினாலும் குச்சி நழுவாதே. சின்னவள் தடதடவென்று கீழே ஓடிக் குச்சியை எடுத்துவந்தாள். மேஜைக் காலோடு ஒட்டி வைத்தாள். கோடு அச்சாக வந்து உட்கார்ந்தது. கால் சரி. குச்சியை அக்காவின் முட்டிக்குப் பக்கத்தில் ஊன்றினாள். முட்டிக்கு மேலே இரண்டு விரற்கடை இருக்க வேண்டிய கோடு, இப்போது முட்டிக்குக் கீழே இரண்டு விரற்கடையில் இருந்தது.

“அக்கா, ஒரு வாரத்துல நீ வளர்ந்துட்டியா?”

“அம்பத்தாறு வயசுல வளர்றதுக்கு நான் என்ன புடலங்காயா?”

சின்னவள் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேல்முனை அழுக்கேறிக் கறுத்திருந்தது. அடிமுனை வெள்ளை வெளேரென்று, நேற்று அறுத்தது போல இருந்தது. மெல்ல நிமிர்ந்தாள். கணவனைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால், திறந்து கிடந்த சமையலறைக் கதவின் அடியைப் பார்த்தாள். அங்கே அழகாகச் சீவிய ஒரு மர ஆப்பு, கதவு அடிபடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தது.

“ஏங்க. அது எங்கேருந்து வந்தது?”

“அதுவா?” மருந்துக்கடைக்காரருக்கு ஒரே பெருமை. “திங்கக்கிழமை காத்துக்குக் கதவு டமால் டமால்னு அடிச்சுக்கிட்டே இருந்தது, அக்கா தூங்க முடியலைன்னாங்க. கீழே போனா எல்லாத்துலயும் தொடாதே, தொடாதேன்னு எழுதி வச்சிருக்கே. கதவுக்குப் பின்னால ஒரே ஒரு குச்சியில மட்டும் எழுதலை. சரி, இது நமக்குன்னுதான் விட்டிருக்கேன்னு நினைச்சேன். கொஞ்சமா, நாலு விரக்கடைதான் எடுத்தேன்.”

சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உலகத்தில் உள்ள எல்லாத் துண்டுக்கும் காவல் போட்டுவிட்டு, காவல் காக்க வேண்டிய ஒன்றை மட்டும் திறந்துபோட்டது யார்? அவளேதான். மணி மூன்று ஐந்து. நாலு கால் புதிதாக அறுத்து, இழைத்து, துளை போட்டு, போல்ட் முடுக்குவதற்கு ஒரு முழு நாள் வேண்டும். போச்சு. எல்லாம் போச்சு.

“ஆப்பசைச்ச குரங்குக் கதைதான் கேட்டிருக்கேன்” என்றாள் அழுகையும் ஆத்திரமுமாக. “ஆப்பை அசைச்சவர் ஜோரா நிக்கிறாரு, வால் மாட்டிக்கிட்டது எனக்கு.”

அப்போது ஒரு சத்தம். பெரியவள் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு, நாற்காலி குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மருந்துக்கடைக்காரரும் தப்பித்தோம் என்று கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார்; மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“அடி அசடே” என்றாள் பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எத்தனை பாவாடை குட்டையாப் போயி எங்கிட்ட வந்திருக்கு தெரியுமா? பாவாடையையா புதுசாத் தைப்பேன்? கீழே ஒரு பட்டி வச்சுத் தைச்சுக் குடுப்பேன். உன் மேஜைக்கும் பட்டி வை.”

சின்னவள் தலையைத் தூக்கினாள்.

“எத்தனை அகலம் பட்டின்னு யோசிக்கவே வேண்டாம்” என்றாள் பெரியவள். “அளவு அந்தக் கதவுக்கடியிலதான் இருக்கு. மாப்பிள்ளை, எடுங்க அதை.”

அவ்வளவுதான். வீடு ரெண்டுபட்டது. மருந்துக்கடைக்காரர் ஆப்பை உருவிக்கொண்டு ஓடிவந்தார். காவல் போன கதவு டமால் என்று அடித்துக்கொண்டது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. “பக்கத்தைத்தான் சீவினேன், நீளத்துல கையே வைக்கலை” என்று மூன்று தடவை சத்தியம் செய்தார். சின்னவள் கீழே பாய்ந்து, கட்டிலில் மிஞ்சிய கட்டையையும் ரம்பத்தையும் மூலைமட்டத்தையும் டிரில்லையும் அள்ளிக்கொண்டு வந்தாள். அறையிலேயே அறுக்கப் போகிறாள். மரத்தூளாவது மண்ணாவது, அப்புறம் பெருக்கிக்கொள்ளலாம். பென்சிலைத்தான் காணோம். காதுக்குப் பின்னால் செருகிய பென்சில் எந்தப் படியில் விழுந்ததோ.

“இந்தா” என்று பெரியவள் பழைய மேஜையின் இழுப்பறையிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்தாள்.

“இது பட்டையா விழும்க்கா. மரத்துக்கு மெல்லிசாக் கோடு வேணும்.”

“முப்பது வருஷம் நான் என்னத்துல கோடு போட்டேனாம்?” பெரியவள் கத்திரியின் ஓரத்தால் சாக்பீஸை இரண்டு பக்கமும் சுரண்டினாள். அதன் விளிம்பு காகிதம் போல ஆனது. “கட்டையை இங்கே கொண்டா. மடியில வை.”

கட்டை அவள் மடியில் ஏறியது. ஆப்பை அதன்மேல் வைத்து, மூலைமட்டத்தைப் பிடித்து, ஒரே இழுப்பில் கோடு போட்டாள்.

“மாப்பிள்ளை குச்சியை அறுத்தப்போ ரம்பம் பொடியாத் தின்னது எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டாள்.

“ஒரு நூல் கனம் இருக்கும்.”

“அதையும் சேர்த்துத்தான் கோடு போட்டிருக்கேன். கோட்டுக்கு வெளியே அறு. உள்ளே வந்தே, தொலைச்சுடுவேன்.”

சின்னவள் அறுத்தாள். ஒன்று. பெரியவள் அதை வாங்கி ஆப்போடு ஒட்டிவைத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, தலையை ஆட்டினாள். இரண்டு. மூன்றாவதைத் தடவிவிட்டு, “ஒரு இழை அதிகம், தேய்” என்றாள். உப்புத்தாளால் நாலு தேய். மறுபடி தடவல். தலையாட்டல். நாலாவதும் ஆனபோது மணி மூன்றரை. மெஷினை இறக்கி மேஜையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். நாலு காலும் கூரையைப் பார்த்து நின்றன. முதலில் துளை, அப்புறம் திருகு. அவசரப்பட்டு நேரே முடுக்கினால் கட்டை பிளந்துவிடும் என்பது சின்னவள் பட்டறிந்த பாடம். காலுக்கு இரண்டு திருகு. கணவன் ஒவ்வொரு கட்டையையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூச்சுக்கூட விடவில்லை.

“மாப்பிள்ளை, மூச்சு விடுங்க. அப்புறம் உங்களுக்கு ஆப்பு தேடணும்” என்றாள் பெரியவள்.

மூன்று ஐம்பதுக்கு மேஜை நிமிர்ந்தது. மெஷின் மறுபடி மேலே ஏறியது. பெரியவள் சக்கரத்தைப் பிடித்தாள். இந்தத் தடவை முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு தரம் சூடு கண்டாயிற்றே. சின்னவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ‘டொக்’ சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால், அக்காவின் வயிறு மேஜையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. முட்டி இரண்டும் பலகைக்கு அடியில் பத்திரமாக உள்ளே போயிருந்தன. முட்டிக்கு மேலே இரண்டு விரற்கடை தாராளம்.

பெரியவள் ஒரு துண்டுத் துணியை ஊசிக்கடியில் வைத்து, வலது முழங்கையைப் பலகைமேல் சாய்த்தாள். மெஷின் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. டர்ர்ரென்று துணி முழுக்கக் கோணல் மாணலாக ஓடி, மறுபக்கமாக வெளியே வந்து விழுந்தது. மூன்று பேரும் அதிர்ந்துபோய்ப் பார்த்தார்கள்.

“குதிரைக்குக் கொழுப்பு ஜாஸ்தி” என்றாள் பெரியவள். முழங்கையைக் கொஞ்சமாகச் சாய்த்தாள். டக், டக், டக். இன்னும் கொஞ்சம். தையல் ஒன்றன் பின் ஒன்றாக, நேர்கோட்டில் விழுந்தது. துணியின் ஓரம் வரை போய், திரும்பி, ஓரம் வரை வந்தது. சின்னவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை, சந்தோஷம் அவ்வளவு.

அழைப்பு மணி அடித்தது. சொன்னால் சொன்னபடி, சரியாக நாலு மணி.

மெஷின் வாங்க வந்தவர் உயரமான மனிதர், கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் கட்டித் தூக்கக் கயிற்றோடு வாசலில் நின்றார். மருந்துக்கடைக்காரர் அவரை உள்ளே அழைத்துவந்துவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டார். வந்தவர் தரையெல்லாம் கிடந்த மரத்தூளைப் பார்த்தார், கண் சிவந்து நின்ற சின்னவளைப் பார்த்தார், மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவளைப் பார்த்தார்.

“மெஷின் விஷயமா வரச் சொல்லியிருந்தீங்க.”

“ஆமா. மன்னிச்சுக்குங்க, குடுக்கறதுக்கில்லை” என்றாள் பெரியவள். “வேலை வந்துடுச்சு.”

“அடடா. இவ்வளவு தூரம் வந்துட்டேனே.”

“வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். அந்தக் கோட்டுக் கை ரெண்டும் உங்களுக்கு நீளம், விரலை மூடுது பாருங்க. கழட்டிக் குடுத்துட்டு அப்படி உக்காருங்க, மடிச்சுத் தைச்சுத் தர்றேன்.”

வந்தவர் தன் கைகளை அப்போதுதான் பார்ப்பது போலப் பார்த்தார். கயிற்றைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றினார்.

பெரியவள் கோட்டை மேஜைமேல் விரித்துப் போட்டாள். பிறகு, திரும்பிப் பார்க்காமலே, சுவர்ப் பக்கம் கையை நீட்டினாள்.

“அடியே, அந்த டேப்பை எடு.”

சின்னவள் ஆணியிலிருந்து டேப்பை எடுத்து, மேலே படிந்திருந்த தூசியைத் தன் சட்டையில் துடைத்து, அக்காவின் கழுத்தில் அவளே போட்டுவிட்டாள்.

“இனிமே கீழே எதை அறுக்கறதா இருந்தாலும் முதல்ல எங்கிட்ட வா” என்றாள் பெரியவள், டேப்பின் நுனியைக் கோட்டுத் தோளில் வைத்துக்கொண்டே. “நான் அளந்து தர்றேன்.”